பாலாற்று ராணி என்றொரு படம் கிடையாது

சொந்தமாகப் பாட்டு எழுதி மேடையேற ஆசைப்படுகிறவர்கள் என்னைத் தேடி வந்து, "எங்கேருந்துக்கா ஆரம்பிக்கறது?" என்று கேட்கிறார்கள். ராகத்தைச் சொல்வேன், தாளத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் பெண்கள் கழிப்பறை எங்கே, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சிரிப்பார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மேடையில் நிற்கப் போகிறவளுக்கு இதைவிடப் பெரிய சங்கீத ஞானம் கிடையாது. சிரிக்கிறவர்களில் ஆண்கள்தான் அதிகம் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. மண்டபத்தில் நம்மைப் பார்த்தவுடன் பெண் வீட்டுக்காரர் பாசமாக ரோஸ்மில்க் நீட்டுவார். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், குடிக்காதீர்கள். குளிர்ந்த பாலைக் குடித்துவிட்டு மேலே போனால் மேல் ஸ்தாயியில் தொண்டை கட்டிக்கொள்ளும். பழி ரோஸ்மில்க்மேல் விழாது, உங்கள்மேல்தான் விழும். வீட்டிலிருந்தே இரண்டு இட்லி தின்றுவிட்டுக் கிளம்புங்கள். மைக்கின் தலைக்குப் போடுகிற பஞ்சு உறை ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கிற அத்தனை பாடகர்களும் எச்சில் தெறித்துப் பாடிய மைக் அது.

நம் குரல் நமக்குக் கேட்பதற்கென்று மேடையில் ஒரு ஸ்பீக்கர் வைப்பார்கள். அது பாதி நாள் சும்மா நிற்கும். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சமாளிக்காதீர்கள். "எனக்குக் கேக்கல" என்று மைக்கிலேயே சொல்லுங்கள். பெண் குரலுக்குச் சுருதியை மாற்றாமல் கீபோர்டுக்காரர் ஆரம்பித்துவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். திமிர் பிடித்தவள் என்று பேர் வரும். எனக்கு எப்போதோ வந்துவிட்டது, அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சொந்தப் பாட்டைப் பாடவும் ஒரு நேரம் இருக்கிறது. மொய் எழுதுகிற நேரம் வேண்டாம். மணமக்களோடு போட்டோ எடுக்க வரிசை நிற்கிற நேரமும் வேண்டாம். முதல் பந்தி முடிந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே ஆட்கள் நாற்காலியில் சாய்வார்கள் பாருங்கள், அப்போது பாடுங்கள். வயிறு நிறைந்த மனிதன் கொஞ்சம் பெரிய மனதோடு இருப்பான்.

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாட்டை எழுதுவது பெரிதல்ல, பாடுவதும் பெரிதல்ல. அது உன் பாட்டு என்று ஊரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் உயிர் போய்விடும். எனக்குப் போய் வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். வீட்டிலேயே தறி. நாங்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், ஒவ்வொரு இழையிலும் இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பிடிக்கிற நெசவு அது. அதற்கு ஒருத்தர் போதாது. என் கணவர் தறியில் உட்கார்ந்து, ஊடை நூல் சுற்றிய நாடாவை உடலுக்கு வீசுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா வீசுவேன். கச்சேரி இருக்கிற நாட்களில் மதியத்தோடு எழுந்து போய்விடுவேன். அவர் முனகுவார். ஆனால் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை.

நான் பாடுகிற குழுவை நடத்துகிறவர் ஒரு கீபோர்டுக்காரர். எல்லாரும் மாஸ்டர் என்போம். அறிவிப்பும் அவரே செய்வார். ஒத்திகைக்குச் செவிலிமேட்டில் அவர் வீட்டு மாடி அறை. ஒத்திகை முடிந்து நான் டவுன் பஸ்ஸுக்கு நிற்பேன். பஸ் வரும். நிற்காது. கை காட்டினால் டிரைவர் பார்ப்பார், பார்த்துக்கொண்டே போய்விடுவார். நாலைந்து பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தம் என்றால் அவருக்கு அப்படி ஓர் அவசரம். ஒருநாள் அப்படிப் போன பஸ்ஸைத் திட்டிக்கொண்டே வீடு வரை நடந்தேன். திட்டு நடைக்குத் தாளம் போட்டது, தாளம் திட்டுக்கு மெட்டுப் போட்டது. வீடு வந்தபோது பல்லவி கையில் இருந்தது.

நிக்காம போற வண்டி, நீ போனா போ!
என் காலு இங்க இருக்குது, நீ போனா போ!

இலக்கியம் இல்லைதான். ஆனால் அதை என்னைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அந்த வெயிலில் நடந்தவள் நான்.

மாஸ்டரிடம் பாடிக் காட்டினேன். தலையை ஆட்டினார், விரலால் தாளம் போட்டார், பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாதான் இருக்குதும்மா. ஆனா ஜனங்க தெரிஞ்ச பாட்டுக்குத்தான் கை தட்டுவாங்க. தெரியாத பாட்டுன்னா எழுந்து டீ குடிக்கப் போய்டுவாங்க."

"குடிச்சிட்டு வரட்டும் மாஸ்டர். வந்ததும் திரும்ப ஒருவாட்டி பாடுறேன்."

விடாமல் நச்சரித்ததில் ஆடி மாதம் ஒப்புக்கொண்டார். பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிற விழா. தெரு அடைத்துப் பந்தல். பல வருஷமாக மேடையேறுகிற எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறுவதுபோல இருந்தது. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்ததாக, விரைவில் திரைக்கு வரவிருக்கும் 'பாலாற்று ராணி' திரைப்படத்திலிருந்து ஓர் அதிரடிப் பாடல்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். ரிதம் பேட் வாசிக்கிறவர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். பாடுவதைத் தவிர வேறு வழியில்லை, பாடினேன். இரண்டாவது தடவை பல்லவி வந்தபோதே ஜனங்கள் 'நீ போனா போ' என்று சேர்ந்துகொண்டார்கள். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு ஆடினார். என் பாட்டுக்குத் தெருவே ஆடியது, எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் மேடைகளில் இது ஒரு பழக்கம். பாட்டுக்கு முன்னால் படத்தின் பேரைச் சொல்லியாக வேண்டும். படம் பேர் இல்லாத பாட்டு, பத்திரிகை வைக்காமல் கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி. யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் யாரும் உட்காரச் சொல்லவும் மாட்டார்கள். மாஸ்டருக்கு அது தெரியும். என்னைக் காப்பாற்றியதாகவே அவர் நினைத்தார்.

கீழே இறங்கியதும் கேட்டேன். "என் பாட்டுக்குப் படம் பேரு வெக்க நீங்க யாரு மாஸ்டர்?"

"கோச்சிக்காதம்மா. படம்னு சொன்னதாலதான் உட்கார்ந்து கேட்டாங்க. ஜெயிச்சிட்ட இல்ல, அப்புறம் இன்னா?"

"நான் எங்க ஜெயிச்சேன்? படம்தான் ஜெயிச்சுது."

"இல்லாத படம் ஜெயிச்சா உனக்கு இன்னாம்மா நஷ்டம்?" என்று கேட்டார். அதற்குப் பதில் ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டது.

பதிலைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு அக்கா. அவருக்கு ஊரில் நடப்பதெல்லாம் தெரியும், நடக்காததும் தெரியும்.

"ஏம்மா, நீ பாடுனியே, அந்தப் படம் தென்னேரி ஏரிக்கரையிலதான் எடுத்தாங்களாம். எங்க அண்ணன் மச்சான் நேருல பார்த்துக்கினு வந்தாரு."

"இன்னா பார்த்தாரு?"

"கேரவன் நின்னுக்கினு இருந்துதாம். ஹீரோயின் குடை புடிச்சிக்கினு போனாளாம். நல்ல செவப்பாம்."

"அக்கா, அப்படி ஒரு படமே இல்ல. அந்தப் பாட்டு நான் எழுதுனது."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபமில்லை, பரிதாபம். "சினிமாவுல உனக்குப் பாட சான்ஸ் குடுக்கலன்னு வருத்தம் இருக்கும்மா, தெரியுது. அதுக்காக இப்படியா பேசுவ?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கரைக்கு வீசிய நாடா ஒன்றுகூட நேராகப் போகவில்லை. என் கணவர் எழுந்து போய் டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு போகிற மேடையிலெல்லாம் சீட்டு வந்தது. எங்கள் பக்கம் கச்சேரியில் ஜனங்கள் விரும்பும் பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். 'பாலாற்று ராணி படத்தில் வரும் பஸ் பாட்டு' என்று எழுதி எழுதி அனுப்பினார்கள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வருகிற இன்னொரு குழு அதைப் பாட ஆரம்பித்தது. அவர்கள் பாடியதை யாரோ போனில் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வரவேற்பில் பாடிவிட்டு இறங்கும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "நல்லா பாடுனம்மா. ஆனா ஒரிஜினல்ல இன்னும் ஸ்பீடா வரும்" என்றார். என் பாட்டின் ஒரிஜினல் என் வாயிலேயே இல்லையாம். பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன்.

இதுதான் நஷ்டம் மாஸ்டர். நான் செத்த பிறகு என் பாட்டை யாராவது எடுத்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை. நான் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே, என் கண் முன்னாலேயே, அது என்னுடையது இல்லை என்றாகிக்கொண்டிருந்தது. கொஞ்சநாள் போனால் நானே நம்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அடுத்த கச்சேரி நகரத்துக்குள்ளேயே ஒரு பெரிய மண்டபத்தில். முதல் பந்தி முடிந்த நேரம். சீட்டு வந்தது. மாஸ்டர் "விரைவில் திரைக்கு வரவிருக்கும்..." என்று தொடங்கும்போதே நான் என் மைக்கில் குறுக்கே பேசினேன்.

"அப்படி ஒரு படம் இல்லைங்க. இந்தப் பாட்டு எந்தப் படத்துலயும் வரல. நான் எழுதி, நான் மெட்டுப் போட்டது."

மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது என்றுகூடச் சொல்லலாம். முன்வரிசையிலிருந்து பெண்ணின் தாய்மாமன் எழுந்து, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "சரிம்மா, உன் பாட்டுதான். இப்ப படத்துல வர்ற மாதிரியே பாடு."

மண்டபமே சிரித்தது. மணமகனும் சிரித்தான். நான் பாடினேன். ஆத்திரத்தில் பாடியதால் நன்றாகவே இருந்தது, அதற்கும் கை தட்டினார்கள்.

வேனில் ஏறும்போது மாஸ்டர் முகம் கடுகடுவென்று இருந்தது. "மேடையில அறிவிப்பு என் வேலைம்மா. என் வாயிலேருந்து வர்றத நீ மறுத்துப் பேசுனா என் குழுவுக்கு இன்னா மரியாதை? இஷ்டம் இருந்தா இரு. இல்லாங்காட்டி வேற செட்டுல பாடிக்கோ."

"பாட்ட எடுத்துக்கினு போலாமா, இல்ல அதுவும் படத்தோடதா?" என்று கேட்டேன். அவர் என்னை இறக்கிவிடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அவருக்கு நான் வேண்டும், எனக்கு மேடை வேண்டும். ரெண்டு பேருமே அதை வைத்துத்தான் மிரட்டிக்கொண்டிருந்தோம்.

புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளலாம். கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போகாதீர்கள். போனால் பாட்டு அங்கேயே தங்கிவிடும், நீங்கள் மட்டும்தான் போவீர்கள்.

அந்த வாரம் பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். ஓதுவார் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து கேட்கிறதுதான், மார்கழியில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போனதும் உண்டு. ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு ஒன்று காதில் விழுந்தது. பத்துப் பாட்டு சாமியைப் பாடியாகிவிட்டது. கடைசிப் பாட்டில் பாடியவர் தன்னைப் பற்றிப் பேசுகிறார். இன்ன ஊர்க்காரன், இன்ன பேர், நான் பாடிய இந்தப் பத்தையும் பாடுகிறவர்களுக்கு இன்ன பலன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். கூச்சமில்லை, சுற்றிவளைப்பில்லை. சாமி முன்னால் நின்றுகொண்டே தன் பேரைச் சொல்கிறார். எத்தனையோ நூறு வருஷமாக அவர் பேரைச் சேர்த்துத்தான் ஊர் பாடிக்கொண்டிருக்கிறது.

கும்பிட்ட கையை இறக்காமல் நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற அம்மா எனக்கு ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து பஸ் பாட்டுக்கு ஒரு கடைசிச் சரணம் எழுதினேன். பிள்ளையார்பாளையம் வந்தது, என் பேர் வந்தது, இந்தப் பாட்டைப் பாடுகிறவளுக்குப் பஸ் நிற்கும் என்று ஒரு பலனும் வந்தது. என் கணவரிடம் பாடிக் காட்டினேன்.

"பேரு மட்டும் போதுமா? டோர் நம்பரும் போட்டுடேன், தபால்காரருக்கு உதவும்" என்றார். ஆனால் நாடா வீசிக்கொண்டே அந்தச் சரணத்தை முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

முதல் தடவை மேடையில் அதைப் பாடப்போகும்போது, மூன்றாவது சரணம் முடிந்ததுமே மாஸ்டர் கையைத் தூக்கிக் காட்டினார். பேட் உருண்டது, பாட்டு முடிந்துவிட்டது, அடுத்த பாட்டின் அறிவிப்பு ஆரம்பித்துவிட்டது. நான் திறந்த வாய் திறந்தபடி நின்றேன். கேட்டதற்கு, "நீளமா போவுதும்மா" என்றார். அடுத்த கச்சேரியிலும் அதேதான். வாலாஜாபாத் குழுவுக்கு அந்தச் சரணம் இருப்பதே தெரியாது. வாலில் கட்டிய பேரை வாலோடு நறுக்கிவிட்டார்கள்.

எனக்கு விளங்கியது தறியில் உட்கார்ந்திருக்கும்போதுதான். கரையைத் தனியாக நெய்து உடலோடு தைத்தால், பிடிக்காதவர்கள் தையலைப் பிரித்துக் கழற்றிவிடலாம். கோர்வையில் அது நடக்காது. கரையை வெட்டப் போனால் உடலின் இழையும் சேர்ந்து அறுந்து வரும், புடவையே போய்விடும். தினமும் கையால் செய்கிற வேலை. அதைப் பாட்டில் செய்யத் தோன்றவில்லை பாருங்கள். நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். "இன்னாம்மா, பஸ்ஸு நின்னுடுச்சா?" என்றார் என் கணவர்.

அன்றே பாட்டைப் பிரித்துப் போட்டேன். கடைசிச் சரணத்தைத் தூக்கி எறிந்தேன். பல்லவி திரும்பி வருகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி வைத்தேன்.

நடந்து யாரு வர்றா பாரு?

பதிலாகப் பாளையமும் என் பேரும். பாளையத்து இன்னார் வர்றா! என் பேரை நீட்டாமல் குறுக்காமல் அப்படியே அந்தத் தாளத்துக்குள் உட்கார வைத்தேன். பேட்டில் பெரிய அடி அந்தப் பேரின்மேல்தான் விழும். கேள்வியை மட்டும் பாடிவிட்டுப் பதிலை விட்டால் பாட்டு ஒற்றைக் காலில் நிற்கும். பதிலுக்கு வேறு பேரைப் போட்டுப் பார்க்கட்டும், தாளம் இடிக்கும்.

பாட்டை எழுதினால் மட்டும் போதாது, ஜனங்கள் வாயில் போட வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான் கேள்வி பாடினால் அவர்கள் பதில் கத்த வேண்டும். பிள்ளைகளுக்குக் கத்தச் சொல்லித் தரவா வேண்டும்? தண்ணீர் பிடிக்க நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனாலே "யாரு வர்றா பாரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்காகூடச் சேர்ந்துகொண்டார், பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

அடுத்த மேடையில் மாஸ்டர் வழக்கம்போலப் பாலாற்று ராணியை அறிவித்தார். நான் மறுத்துப் பேசவில்லை. பல்லவி முடிந்ததும் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினேன். எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள், போதும். மூன்றாவது தடவை மண்டபமே பதில் சொன்னது. மாஸ்டர் கையைத் தூக்கினார், பிறகு தானாக இறக்கிக்கொண்டார். எங்கே வெட்டுவது? வெட்டினால் அவருக்குப் பிடித்த அந்தப் பெரிய அடியும் சேர்ந்து போய்விடும். நான்கைந்து கச்சேரிக்குப் பிறகு அவரும் பின்பாட்டில் என் பேரைப் பாடினார். "கெட்டிக்காரிதாம்மா நீ" என்று சொன்னபோது குரலில் மகிழ்ச்சி இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். படம் பேர் சொல்வதை அவர் இன்றுவரை விடவில்லை.

அந்தப் பேரை இங்கே எழுதப்போவதில்லை. வெறும் பேச்சில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, சொன்னபோது யாரும் நம்பவும் இல்லை. தெரிய வேண்டும் என்றால் பாட்டைக் கேளுங்கள்.

போன தை மாதம் வாலாஜாபாத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நான் பாடப் போகவில்லை, சாப்பிடப் போனேன். ரோஸ்மில்க்கைத் தைரியமாகக் குடித்தேன். சாயங்காலம் வரவேற்பு. மேடையில் அந்த இன்னொரு குழு. பாடுகிற பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், நல்ல கணீரென்ற குரல். முதல் பந்தி முடிந்தது. அவர்களுடைய அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்ததாக, விரைவில் திரைக்கு வரவிருக்கும் 'பாலாற்று ராணி' திரைப்படத்திலிருந்து..."

இத்தனைக்குப் பிறகும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர்கள் பழைய பாட்டையே பாடப்போகிறார்களா, புதியதையா? புதியதையே பாடினாலும் என் பேரை எடுத்துவிட்டு எதையாவது செருகியிருப்பார்களா? அந்தப் பெண் பல்லவியைப் பாடினாள். வேகம் கொஞ்சம் அதிகம். பிறகு கையை வீசி, மண்டபத்தைப் பார்த்துக் கேட்டாள்: "நடந்து யாரு வர்றா பாரு?"

என்னை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள், நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, என் பேரைக் கத்தினார்கள். அந்தப் பெண்ணும் கத்தினாள். பெரிய அடி சரியாக அதன்மேல் விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா. நான் அழுவதைப் பார்த்து, "இன்னாம்மா?" என்றார்.

"அந்தப் பேரு யாரு பேருன்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? அந்தப் படத்து ஹீரோயின் பேரு. தென்னேரியில ஷூட்டிங் நடந்துச்சே" என்றார்.

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் எழுந்தது, அதோடு நானும் எழுந்தேன். செருப்பை நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு நடுப்பாதையில் இறங்கினேன். இரண்டாவது சரணம் முடிந்து பல்லவி திரும்பிக்கொண்டிருந்தது. "நடந்து யாரு வர்றா பாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள். மண்டபம் என் பேரைச் சொன்னது. நான் நடந்துகொண்டிருந்தேன்.

மேடைப் படியில் அவர்களுடைய ஆள் ஒருவர் கையை நீட்டி மறித்தார். "சீட்டுல எழுதிக் குடுங்கம்மா, பாடச் சொல்றோம்" என்றார். அவர் கைக்கு அடியில் குனிந்து மேலே ஏறினேன். அந்தப் பெண் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தினாள். பேட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதருகே குனிந்து நான் யார் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு எதுவும் கேட்காமல் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள். பாடுகிறவளுக்குப் பாடுகிறவளை அடையாளம் தெரிந்தது.

பக்கத்து நாற்காலி அம்மா எழுந்து நின்றிருந்தார்.

"படம் வரல," என்றேன். "நான் வந்துட்டேன்."

பேட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பல்லவியிலிருந்து ஆரம்பித்தேன், என் வேகத்தில்.